மனம் பதறினால் மருந்து உண்டா?



இந்த மாதம் எடுத்துக்கொண்டிருப்பது கொஞ்சம் கனமான விஷயம். ஆனால் நம் வீடுகளில் தினமும் நடமாடுகிற விஷயந்தான். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த பிறகு நெஞ்சு 'திக் திக்' என்று அடித்துக்கொள்கிறதே, காரணமே இல்லாமல் உள்ளங்கை வேர்க்கிறதே, பள்ளி விட்டுப் பிள்ளை வரப் பத்து நிமிடம் தாமதமானால் வயிறு கலங்கி என்னென்னவோ நினைக்கத் தோன்றுகிறதே, அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

பெரியவர்கள் இதைப் 'பயந்த கோளாறு' என்பார்கள். சிலர் 'காத்துக் கருப்பு' என்று சொல்லி எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுவார்கள். டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் மனப்பதற்ற நோய். இது நமக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 30 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் இருந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைக்கிறதாம்.

"ஐயா, மனசுக்குக்கூட மாத்திரை இருக்கிறதாமே? சாப்பிடலாமா, கூடாதா?" என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்டதுண்டு. நான் டாக்டர் அல்லன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சுண்ணக்கட்டி பிடிக்கிற ஆசிரியன். என்றாலும் படித்துத் தெரிந்துகொண்டதை எளிதாக எடுத்துச் சொல்வது என் தொழில் அல்லவா? அதனால் சொல்கிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லி விடுகிறேன். மருந்து உண்டு. அது நன்மையும் செய்யும், தீமையும் செய்யும். எந்த மருந்து, யார் கொடுத்தது, எத்தனை நாளைக்கு என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பயம் எங்கே இருக்கிறது?

பயம் கெட்டதல்ல. செம்பனைக் காட்டில் ஓலையை இழுக்கும்போது காலடியில் ஏதோ நெளிகிறது. 'பாம்பு' என்று மனம் சொல்லி முடிப்பதற்குள் கால் பின்னால் தாவிவிடுகிறது. அந்தத் தாவலைச் செய்ய வைத்தது மூளையின் அடிப்பகுதியில், இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக, பாதாம் பருப்பு அளவில் இருக்கும் ஒரு சிறு பகுதி. ஆபத்து என்று கண்டால் மணி அடிப்பது அதன் வேலை. மணி அடித்ததும் சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலின் என்ற சரக்கை இரத்தத்தில் கொட்டுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, உடம்பு வேர்க்கிறது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடம்பு தயாராகிறது.

பாம்பு போனதும் மணி நிற்க வேண்டும். நின்றால் அது ஆரோக்கியம். பாம்பே இல்லாத இடத்திலும் மணி அடித்தால், அதுவும் நாள் கணக்கில் மாதக் கணக்கில் ஓயாமல் அடித்தால், அதுதான் நோய். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் முன்னோர் சொன்னது இந்த நிலையைத்தான். அரண்டவனைப் பார்த்துக் 'கோழை' என்று சிரிப்பதில் பயனில்லை. மணி அடிக்கும் இயந்திரம் பழுதாகியிருக்கிறது, அவ்வளவுதான். சர்க்கரை வியாதிக்காரரைக் கோழை என்று சொல்வோமா?

மூளைக்குள் ஒரு வகுப்பறை

மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஓர் அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி உண்டு. ஓர் அணு ஒரு சொட்டு இரசாயனத்தை அந்த இடைவெளியில் விடுகிறது. அடுத்த அணு அதை வாங்கிக்கொண்டு செய்தியைப் புரிந்துகொள்கிறது. நம் நினைப்பு, கோபம், தூக்கம், பயம் எல்லாம் இந்தச் செய்திப் போக்குவரத்தில்தான் நடக்கின்றன.

செய்தி கொண்டு போகும் இந்த இரசாயனங்களில் சில, அணுக்களைத் தூண்டிவிடும். சில, 'போதும், அடங்கு' என்று சொல்லும். அப்படி அடக்குகிறவற்றில் முக்கியமானது காபா. 1950-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி யூஜின் ராபர்ட்ஸ் எலியின் மூளையில் இது இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார்.

நாற்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும் வகுப்பை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் உள்ளே வந்து கையைக் காட்டுகிறார், சத்தம் தணிகிறது. மூளை என்ற வகுப்பறையில் காபாதான் அந்த ஆசிரியர். இந்த உவமையை மறந்துவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் இது நமக்குத் தேவைப்படும்.

நம் நாட்டு வேர் ஒன்று

மூளையின் இரசாயனத்தை வெள்ளைக்காரர்கள்தாம் கண்டுபிடித்தார்கள் என்று பலரும் எண்ணுகிறோம். அந்தக் கதையின் தொடக்கத்தில் இந்திய மண்ணில் விளைந்த ஒரு வேர் இருப்பது தெரியுமா? சர்ப்பகந்தி என்பது அதன் பெயர். பாம்புக் கடிக்கும், தூக்கமின்மைக்கும், சித்தப் பிரமைக்கும் நாட்டு வைத்தியர்கள் அதைக் கொடுத்து வந்தார்கள். பீகார்ப் பக்கத்தில் அதற்குப் 'பைத்தியத்துக்கு மருந்து' என்றே பெயர்.

1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், இந்த வேர் இரத்த அழுத்தத்தையும் மனக்கொந்தளிப்பையும் தணிக்கிறது என்று எழுதினார்கள். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளிகளிடம் கண்டதைப் பிரிட்டிஷ் இதயநோய் இதழ் ஒன்றில் வெளியிட்டார். அதன் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தது. இரண்டே ஆண்டுகளில் நியூயார்க்கில் டாக்டர் நேதன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்து, பலர் அமைதியடைந்ததை எழுதினார்.

அந்த வேர் மூளையில் என்னதான் செய்கிறது என்று தேடினார்கள். நரம்பணுக்கள் சேமித்து வைத்திருக்கும் செரோட்டோனின் போன்ற செய்தி இரசாயனங்களை அது காலியாக்கி விடுகிறது என்று 1955-ல் அமெரிக்காவில் பெர்னார்ட் புரோடியின் ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். 1957-ல் சுவீடன் விஞ்ஞானி அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். முயல்கள் அசையாமல் துவண்டு கிடந்தன. பிறகு டோபமினாக மாறக்கூடிய ஒரு பொருளைக் கொடுத்தார், முயல்கள் எழுந்து நடமாடின! மனமும் உடலும் இயங்குவதில் இரசாயனத்துக்கு இத்தனை பங்கு உண்டு என்பதை உலகம் கண்ணால் கண்டது. அந்த ஆராய்ச்சிக்காக 2000-ஆம் ஆண்டில் கார்ல்சனுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இனி, இதன் மறுபக்கத்தைக் கேளுங்கள். ரெசர்பின் சாப்பிட்டவர்களில் சிலர் சோர்ந்து, மனம் உடைந்து, வாழ்வே வேண்டாம் என்ற நிலைக்குப் போனார்கள். அதனால் மனப்பதற்றத்துக்கு டாக்டர்கள் இன்று அதைக் கொடுப்பதில்லை. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ நாட்டு மருந்து வாங்கப் போகும்போது யாராவது 'இது மனசுக்கு நல்லது' என்று சர்ப்பகந்திச் சூரணத்தை நீட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். இலை தழையானாலும் மருந்து மருந்துதான். ஏற்கெனவே இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது ஆபத்தாகவும் முடியலாம்.

குப்பையில் கிடைத்த மாத்திரை

அடுத்த கதை அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் நடந்தது. ஹிட்லர் காலத்தில் ஐரோப்பாவை விட்டுத் தப்பி வந்த யூதர், லியோ ஸ்டெர்ன்பாக். ரோச் மருந்துக் கம்பெனியில் இரசாயன நிபுணர். 1957-ல் ஆய்வுக்கூட மேசையைச் சுத்தம் செய்தபோது, இரண்டு ஆண்டுகளாகத் தொடப்படாமல் கிடந்த ஒரு பொடி அகப்பட்டது. தூக்கி எறிவதற்கு முன் சோதித்துப் பார்ப்போமே என்று விலங்குகளுக்குக் கொடுத்தார்கள். விலங்குகள் தூங்கி விழாமலே சாந்தமாயின. அந்தப் பொடிதான் 1960-ல் லிப்ரியம் என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதன் தம்பி வேலியம் 1963-ல் வந்தது. டயாசிபாம் என்று டாக்டர்கள் சீட்டில் எழுதுவது இதைத்தான். அல்பிராசோலம், லோராசிபாம் எல்லாம் இதே குடும்பத்துப் பிள்ளைகள்.

உலகமே இந்த மாத்திரைகளின் பின்னால் ஓடியது. 1978-ஆம் ஆண்டில் மட்டும் 230 கோடி வேலியம் மாத்திரைகள் விற்பனையாயின. இது எப்படி வேலை செய்கிறது என்பதற்குத் துப்புக் கிடைத்ததோ அதற்கு முந்தின ஆண்டு, 1977-ல்தான். மூளையில் இந்த மாத்திரை போய் ஒட்டிக்கொள்ளும் இடத்தை டென்மார்க்கிலும் சுவிட்சர்லாந்திலும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அது காபாவின் இருப்பிடத்திலேயே அமைந்திருந்தது.

இப்போது நம் வகுப்பறைக்கு வாருங்கள். மாத்திரை தானாக வந்து பிள்ளைகளை அடக்கவில்லை. ஆசிரியர் கையில் ஓர் ஒலிபெருக்கியைக் கொடுக்கிறது. காபாவின் குரல் பலமாகக் கேட்கிறது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் வகுப்பு அமைதியாகிறது. சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மாதக் கணக்கில் ஒலிபெருக்கியிலேயே பேசினால் என்ன ஆகும்? பிள்ளைகளுக்கு அது பழகிப்போகும். சாதாரணக் குரலுக்கு எவனும் அடங்க மாட்டான். திடீரென்று ஒரு நாள் ஒலிபெருக்கியைப் பிடுங்கிவிட்டால் முன்பிருந்ததைவிடப் பெரிய கூச்சல் எழும்.

இதனால்தான் 1988-லேயே பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இவற்றை 2 முதல் 4 வாரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று டாக்டர்களுக்கு அறிவுறுத்தியது. பழக்கமாகிவிடும் ஆபத்தைப் பற்றிய எச்சரிக்கையை இந்த மாத்திரைகளுக்குக் கட்டம் கட்டி அச்சிட வேண்டும் என்று 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது. நம் நாட்டிலும் 1989-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி டாக்டரின் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் இவற்றை விற்கக் கூடாது.

பக்கத்து வீட்டு மாத்திரை

சட்டம் இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டு டப்பாவுக்குச் சட்டம் ஏது?

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டது. லயத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடி போனார்கள். அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். பொழுது விடியும் முன் பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, வாசலில் உட்கார்ந்து நாலு பேரோடு பேசிப் பழகியவர். மாடி வீட்டில் கதவைச் சாத்தினால் பேச ஆளில்லை. ஒரு நாள் மின்தூக்கியில் நெஞ்சடைத்து, மூச்சு முட்டி, சாகப் போகிறோம் என்று அலறிவிட்டார். மருத்துவமனையில் இதயத்தைச் சோதித்தார்கள், பழுதில்லை. 'ஒன்றுமில்லை, போங்கள்' என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லாததற்கா இத்தனை பாடு? யாரும் விளக்கவில்லை.

கீழ்மாடியில் ஒரு நல்ல மனசுக்காரி. "அக்கா, எனக்கு டாக்டர் கொடுத்தது, பாதி போட்டுப் பாருங்க" என்று மாத்திரை கொடுத்தார். அன்றிரவு நிம்மதியான தூக்கம். பாதி முழுசாயிற்று, ஒன்று இரண்டாயிற்று. எட்டு மாதம் ஓடியது. தைப்பூசத்துக்கு விரதம் தொடங்கிய அன்று, சுத்தமாக இருக்க வேண்டும் என்று எண்ணி, மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் கை கால் உதறியது, கண் மூடவில்லை, இல்லாத ஆள்களோடு பேசினார். சாமி வந்திருக்கிறது என்று சிலர் கற்பூரம் காட்டினார்கள். வலிப்பு வந்த பிறகுதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டார்கள்.

நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டார். பிறகு ஒரு டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பல மாதத்தில் அதிலிருந்து விடுவித்தார். அந்த அம்மாள் மீதும் குற்றமில்லை, கொடுத்த பெண் மீதும் வஞ்சமில்லை. சீனியும் அரிசியும் கடன் கொடுத்துப் பழகிய கைகள் நம்முடையவை. ஆனால் சகோதரிகளே, மாத்திரை கடன் கொடுக்கிற பொருளல்ல!

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சாராயமும் மூளையில் இதே காபாவின் வாசலைத்தான் தட்டுகிறது. 'கவலையை மறக்கக் குடிக்கிறேன்' என்பவர் அந்த வகையில் பொய் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் மணி அடங்கத்தான் செய்யும். விடிந்ததும் இரண்டு மடங்காக அடிக்கும். சம்சுவோ பீரோ குடித்துவிட்டு, மேலே இந்த மாத்திரையையும் போட்டால், இரண்டு ஒலிபெருக்கிகளும் சேர்ந்து மூச்சையே அடக்கிவிடக் கூடும். தூக்கத்திலேயே உயிர் போகும். மாத்திரைக் கிறக்கத்தில் செம்பனைக் குலையை அறுக்க அரிவாளைத் தூக்குவதும், லாரி ஓட்டுவதும், தொழிற்சாலை இயந்திரத்தின் முன் நிற்பதும் அதே போல் ஆபத்தானவை.

மெல்ல வேலை செய்யும் மருந்துகள்

அப்படியானால் டாக்டர்கள் இன்று என்ன கொடுக்கிறார்கள்? பெரும்பாலும் முதலில் கொடுப்பது செரோட்டோனினைச் சார்ந்த மருந்துகளை. ஓர் அணு செரோட்டோனினை வெளியே விட்டதும், மிச்சத்தைத் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்த மருந்து அந்த உறிஞ்சும் வழியை அடைக்கிறது. செய்தி சற்று நேரம் கூடுதலாக அங்கே தங்கி நிற்கிறது. 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபுளூவாக்சிடின் இதில் பெயர் பெற்றது. செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம் ஆகியவை பிறகு வந்தவை.

இவை வேலியம் மாதிரி உடனே வேலை செய்யா. பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும். முதல் சில நாள் வயிற்றைப் புரட்டும், படபடப்புக்கூட சற்று அதிகமாகலாம். இங்கேதான் நம்மவர் பலர் 'இந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று குப்பையில் போட்டுவிடுகிறார்கள். இன்று உரம் போட்டால் நாளைக்கே செம்பனை குலை தள்ளுமா? பொறுக்க வேண்டும். பொறுக்க முடியாத தொந்தரவு இருந்தாலோ, மனம் மேலும் இருண்டாலோ உடனே டாக்டரிடமே திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும். இதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

ஓர் உண்மையை மறைக்காமல் சொல்கிறேன். 'செரோட்டோனின் குறைந்தது, அதனால் நோய் வந்தது' என்று எளிதாகச் சொல்லி வந்த கணக்கு இன்று முழுதாக நிற்கவில்லை. காய்ச்சல் மாத்திரையால் காய்ச்சல் தணிகிறது, அதனால் மாத்திரைச் சத்துக் குறைவால்தான் காய்ச்சல் வந்தது என்று சொல்ல முடியுமா? அதே போலத்தான் இதுவும். பலருக்கு மருந்து உதவுகிறது. ஏன் உதவுகிறது என்ற கணக்கை விஞ்ஞானிகள் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வரப்போகிறவை

புதிய மருந்துகளைத் தேடும் வேலை நிற்கவில்லை. மூக்கில் தெளிக்கும் ஃபாசிடியெனால் என்ற மருந்தை, நாலு பேர் முன் பேசப் பயப்படுகிறவர்களிடம் சோதித்தார்கள். 2022-ல் ஒரு சோதனையில் அது தோற்றது, 2023-ல் இன்னொன்றில் வென்றது. மருந்து ஆராய்ச்சி என்பது இப்படித்தான், ஒரு முறை வென்றதும் கடைக்கு வந்துவிடாது.

இன்னொன்று வியப்பானது. எல்.எஸ்.டி. என்ற பெயரைப் போதைப்பொருள் என்றே கேள்விப்பட்டிருப்போம். சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938-ல் செய்தது அது. மனமயக்கம் தரும் அதன் குணத்தை 1943-ல் அவரே தம் உடம்பில் அறிந்தார். அதிலிருந்து தயாரித்த ஒரு மருந்தை, ஓயாத மனப்பதற்றம் உள்ள 198 பேரிடம் அமெரிக்காவில் சோதித்து, 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். டாக்டர்களின் கண்காணிப்பில் ஒரே ஒரு முறை கொடுத்ததில், அதிக அளவு பெற்றவர்களின் பதற்றம் போலி மருந்து பெற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்ததாம். அமெரிக்கக் கட்டுப்பாட்டுத் துறை 2024-லேயே அதை விரைந்து ஆராய வேண்டியவற்றின் வரிசையில் சேர்த்தது. ஆனால் சாப்பிட்டது அசலா போலியா என்பது மயக்கத்தை வைத்தே அவரவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே முடிவை எடை போடுவது சுலபமில்லை.

இளைஞர்களே, இதைப் படித்துவிட்டு 'அதுதான் மருந்தாமே' என்று யாரிடமும் எதையும் வாங்கிவிடாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் அளந்து கொடுப்பது வேறு, சந்து முனையில் விற்பது வேறு. நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டின் அபாயகரமான போதைப்பொருள் சட்டம் அதைக் கடுமையாகத் தடுக்கிறது.

மாத்திரை இல்லாத மருத்துவம்

மருந்து ஒரு கை என்றால் மறு கையும் உண்டு. பயப்படும் எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி 'இது உண்மைதானா?' என்று விசாரிக்கவும், பயப்படும் இடத்துக்குச் சிறுகச் சிறுகப் போய்ப் பழகவும் கற்றுக்கொடுக்கும் பேச்சுச் சிகிச்சை, பலருக்கு மருந்துக்கு இணையாகவே உதவுவதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. மின்தூக்கியைக் கண்டு பயந்தவர் முதல் நாள் அதன் முன் நிற்பார். அடுத்த நாள் ஒரு மாடி மட்டும் போவார். இப்படித்தான் அந்தப் பாதாம் பருப்புக்கு மறுபடி பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

படபடப்பு வரும்போது மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக வெளியே விடுங்கள். சில நிமிடம் இப்படிச் செய்தால் இதயம் சற்று நிதானப்படும். நாளுக்கு நாலைந்து கோப்பை கோப்பி ஓ குடிக்கிறவர்கள் குறைத்துப் பாருங்கள், அந்தக் கோப்பியே படபடப்பைக் கூட்டும். கோயிலுக்குப் போவதை, பூசை செய்வதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் மனம் ஆறுதல் அடைந்தால் நல்லதுதான். கோயிலுக்கும் போங்கள், கிளினிக்குக்கும் போங்கள்.

எங்கே போவது?

முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் கட்டணம். நெஞ்சு வலியோ மூச்சு முட்டலோ முதன்முதலாக வந்தால், 'மனசுதான்' என்று வீட்டிலேயே தீர்மானித்துவிடக் கூடாது. இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்தாலும் படபடக்கும், இரத்தச் சோகையிலும் படபடக்கும். அவற்றையெல்லாம் பார்த்த பிறகு தேவையென்றால் அங்கிருந்தே மனநல டாக்டரிடம் அனுப்புவார்கள். கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலும், தலைநகரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் அந்தப் பிரிவுகள் உண்டு.

'மனநல டாக்டரா? தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்களே!' என்று பதறாதீர்கள். 1911-ல் தொடங்கிய அந்த மருத்துவமனையின் பெயரைச் சொல்லியே நாம் ஒருவரையொருவர் கேலி செய்து பழகிவிட்டோம். மனப்பதற்றத்துக்கு மருந்து வாங்க வருகிறவர் சீட்டை வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்புகிறார். அந்தக் கேலியை நம் பிள்ளைகள் காதில் போடாமல் இருந்தாலே பாதி நோயாளிகள் துணிந்து டாக்டரிடம் போவார்கள்.

டாக்டரிடம் நாலு கேள்வி கேளுங்கள். இந்த மருந்தின் பெயர் என்ன? எத்தனை நாளில் பலன் தெரியும்? எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? நிறுத்துவது எப்படி? கேட்பது மரியாதைக் குறைவல்ல. ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரைகளையும், நாட்டு மருந்தையும், குடிப்பழக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் அதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைதூக்கினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1970 முதல் இயங்கும் பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பை எந்த நேரத்திலும் 03-7627 2929 எண்ணில் கூப்பிடலாம். சுகாதார அமைச்சின் 15555 எண்ணும் இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயமும் வேண்டாம், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவை 2023-ல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது.

வாசகர்களே, இன்று ஒரு சிறு வேலை செய்யுங்கள். வீட்டில் மாத்திரை வைக்கும் டப்பாவை எடுத்துக் கொட்டிப் பாருங்கள். யார் பெயரும் இல்லாத உறை, யாரோ கொடுத்த பாதிப் பட்டை, தூக்கத்துக்கென்று ஒளித்து வைத்தது ஏதாவது இருந்தால் எடுத்து அருகிலுள்ள மருந்தகத்தில் காட்டி என்னவென்று கேளுங்கள். யாராவது அதைத் தினமும் சாப்பிட்டு வருவது தெரிந்தால் திட்டவும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். கையைப் பிடித்து டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

அடுத்த மாதம் வேறொரு விஷயத்தோடு சந்திக்கிறேன்.